நம் வாசலுக்கும் கதவு உண்டு

பத்துக்குப் பத்து அறை. அதற்குள் ஆறு உயிர்கள். உடுத்தி மாற்ற ஒரு பழஞ்சேலைத் திரை. மும்பைச் சேரிகளில் நம்மவர் குடித்தனம் இதுதான். இப்போது சந்து முனையில் மாட்டிய கேமரா அந்தத் திரைக்குள்ளும் எட்டிப் பார்க்கிறது. கணக்கெடுக்க வந்தோம் என்று யாரோ உள்ளே நுழைந்து படம் பிடிக்கிறார்கள். நம் பெண்கள் கதவைச் சாத்தினால், "எதை மறைக்கிறாய்?" என்று கேட்கிறார்கள். சோற்றுப் பானையை மூடி வைப்பவள் திருடியா?

உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் 1941-இல் கொள்ளை வழக்கில் பிடிபட்டு, சாட்சியம் இல்லாததால் விடுதலையானார். அதன் பிறகும் போலீசார் இரவில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர் வழக்காடினார். அந்த இரவுச் சோதனை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 1962-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று அன்று ஏற்கவில்லை. 2017 ஆகஸ்ட் 24-இல்தான் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அதை ஏற்றனர். மாடி வீட்டாருக்கு மட்டும் என்று அத்தீர்ப்பில் எழுதவில்லை.

தோழர்களே, தாய்மார்களே! கணக்கெடுப்பு நமக்கும் தேவை. அதை மறுக்கச் சொல்லவில்லை. வருபவரிடம் அடையாள அட்டை கேளுங்கள். எதற்காகப் படம் என்று கேளுங்கள். வீட்டில் பெண்கள் தனியே இருந்தால் அண்டை வீட்டாரைக் கூப்பிடுங்கள். கேமரா தெருவைப் பார்க்கட்டும், நம் வாசலைப் பார்க்க வேண்டாம் என்று சந்து முழுவதும் கையெழுத்திட்டு மனுக் கொடுப்போம். ஒருவர் கேட்டால் முணுமுணுப்பு என்பார்கள். சங்கமாய்க் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

வீடு வாடகைக்கு இருக்கலாம். மானம் வாடகைக்கு அல்ல!