காயைச் சோதித்தோம், நீரை?

போடிநாயக்கனூர் என்றதும் ஏலத்தின் மணம்தான் எவர்க்கும் நினைவில் எழும். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் நம் ஊரில் இயங்குவது நமக்குப் பெருமையே. ஆயினும், அந்த மணத்தின் பின்னே மறைந்து நிற்கும் மருந்து வாடையைப் பற்றி நாம் பேசுவதில்லை.

என் தாயார் விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியே மலைக்குக் காய் எடுக்கச் செல்பவர். மாலையில் அவர் சேலையில் ஏலமணத்தோடு அந்த வாடையும் வீசும். அக்கூலியில் படிப்பவன் நான். எனவே, ஏலத்தோட்டமே வேண்டாம் என்று எழுத என் பேனா துணியாது.

இலைப்பேனும் தண்டுதுளைப்பானும் ஏலச்செடியின் தீராப் பகைவர்கள். அவற்றை ஒழிக்கக் குயினால்பாஸ் போன்ற மருந்துகள் தெளிக்கப்படுகின்றன. வெப்பத்திலும், மண்ணின் நுண்ணுயிர்களாலும் மருந்து சிதைந்து போகும். மலைக்குளிரிலோ இச்சிதைவு மந்தமாகிறது. அதே ஐப்பசி, கார்த்திகையில்தான் அடைமழையும் பெய்கிறது. மருந்தடித்த சில மணி நேரத்தில் மழை வந்தால், சரிவான நிலத்தில் மருந்து நீரோடும் சேற்றோடும் ஓடையில் இறங்கிவிடும். நம் பக்கத்துச் சரிவின் ஓடைகள் சேருமிடம் கொட்டகுடி ஆறு. அது போய்ச் சேருமிடம் வைகை!

2023 ஜனவரியில், ஏலக்காயில் மருந்து எச்சம் மிகுந்ததென்று சபரிமலை அரவணை விற்பனையைக் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தியது. 2024இல் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நீக்கிவிட்டது. எனினும், காயைச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் நாடறிந்ததாயிற்று. காய் விலைக்குப் போவது. அதனால் அதற்குச் சோதனை உண்டு. விலையின்றி ஓடிவரும் நீருக்கு? மழைக்காலந்தோறும் கொட்டகுடி ஆற்று நீரைச் சோதித்து, முடிவை ஊரறியச் சொல்ல வேண்டாமா?

செய்யக் கூடாதன அல்ல இவை: மழை கூடும் நாளில் மருந்தடியாதிருத்தல், ஓடைக்கரையில் புல்லையும் புதரையும் செதுக்காது விடுதல், மருந்து டப்பாவை ஓடையில் கழுவாதிருத்தல். நம் விலங்கியல் மாணவர்கள், மழைக்கு முன்னும் பின்னும் ஓடையில் உள்ள மீனையும் தவளையையும் நீர்ப்பூச்சிகளையும் எண்ணிக் குறித்து வரலாமே! பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்ட மறுப்பார்களா?

மலையில் என் தாய் காய் எடுக்கிறார். அடிவாரத்தில் என் தங்கை தண்ணீர் குடிக்கிறாள். ஒருவர் பிழைப்பு மற்றவர்க்கு நஞ்சாகாமல் காப்பது கற்ற நம் கடமையன்றோ? சிந்திப்போம் நண்பர்களே!