பில் வந்தால்தான் செலவா?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் நாலைந்து லாரி வைத்திருப்பவரிடம் பராமரிப்புச் செலவு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். "போன மாசம் பெரிசா ஒண்ணும் இல்லைங்க" என்பார். பட்டறையிலிருந்து பில் வரவில்லை என்று அர்த்தம். பில் வராவிட்டால் செலவே இல்லை என்று நினைப்பதுதான் இந்தத் தொழிலைப் பிடித்த வியாதி என்பேன்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பத்து டயர் வண்டி. டயர் ஒன்று 20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 2 லட்சம். ரீட்ரேடிங்கை இப்போதைக்கு விட்டுவிடலாம். 80,000 கிலோமீட்டர் உழைத்தால், கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 50 காசு தேய்கிறது. மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு மாதா மாதம் 20,000 ரூபாய் ரோட்டில் கரைகிறது. பில் வருவதோ பத்தாவது மாதம்! அதுவரை அந்தப் பணத்தை லாபம் என்று நம்பி, வாடகையைக் குறைத்துப் பேசுகிறார்கள். பக்கத்து ஆபீஸ்காரரும் குறைக்கிறார். பிறகு "வாடகை கட்டுப்படியாகலை" என்று எல்லோரும் சேர்ந்து புலம்புகிறார்கள். டீசலும் டோல்கேட்டும் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கணக்கும் ஒரு காரணம் இல்லையா?

ஆயில், பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட் எல்லாம் இதே கிலோமீட்டர் கணக்குதான். எஃப்.சி. வேலை மட்டும் தேதிக் கணக்கு. 2018 நவம்பரில் வந்த விதித் திருத்தம், எட்டு வருஷம் வரையான வண்டிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருஷா வருஷம் எஃப்.சி. என்று வைத்தது. முன்கூட்டியே தெரிந்த செலவு எப்படி 'திடீர் செலவு' ஆகும்? வண்டி பட்டறையில் நிற்கும் நாளுக்கும் தவணை உண்டு, அதையும் யாரும் எழுதுவதில்லை.

"சின்ன ஓனருக்கு இதெல்லாம் எதுக்கு?" என்பார்கள். 1961 வருமான வரிச் சட்டத்தின் 44ஏஇ பிரிவு, பத்து வண்டிக்கு மேல் இல்லாதவர்கள் கணக்குப் புத்தகம் வைக்காமலே வரி கட்ட வழி செய்தது. வரிக்கு வேண்டாம் என்றால் தொழிலுக்கும் வேண்டாமா?

பணம் எடுத்து வைக்காதவர், தேய்ந்த டயரோடு இன்னொரு டிரிப் அனுப்புவார். அது வெடிக்கும்போது ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் டிரைவர். முதலாளி எழுதாமல் விட்ட செலவை அவர் உயிரைக் கொடுத்து அடைக்க வேண்டுமா?

வண்டிக்கு ஒரு நோட்டு போடுங்கள். டிரிப் முடிந்ததும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தனியே எடுத்து வையுங்கள். அப்புறம் வாடகை பேசலாம்.