வளவுத் தரை வேர்க்கிறதா? கடப்பாறையை எடுக்கும் முன்...

செட்டிநாட்டில் பல பெரிய வீடுகள் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் பூட்டியே கிடக்கின்றன. படைப்புக்கோ கல்யாணத்துக்கோ சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் குடும்பம் வந்து கதவைத் திறக்கும்போதுதான் வீட்டின் குறைகள் ஒவ்வொன்றாகத் தெரியவரும். “ஆச்சி, எல்லாக் கல்லும் காஞ்சிருச்சு. இது மட்டும் வேர்த்துக்கிட்டே இருக்கு” என்பார் தரை துடைக்க வந்தவர். காலால் தடவிப் பார்த்தால் அந்த இடம் மட்டும் சில்லென்று இருக்கும். பக்கத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும்.

கொத்தனார் வந்து பார்ப்பார். “உடைச்சாத்தான் தெரியும் ஆச்சி” என்பார். அவசரப்படக் கூடாத இடம் இதுதான். வளவில் பதித்த பழைய ஆத்தங்குடிக் கல்லை உடைத்துவிட்டால் அதே கல் திரும்பக் கிடைக்காது. ஆத்தங்குடியில் இன்றும் கல் வார்க்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் மூன்று தலைமுறை நடந்து நடந்து மெருகேறிய நிறத்தைப் புதுக்கல் கொண்டுவராது. உடைக்காமலே கண்டுபிடிக்க வழிகள் இருக்கின்றன. அவற்றில் முதல் வழிக்கு ஒரு பைசா செலவில்லை.

இந்த வீடுகளைக் கட்டியவர்கள் தண்ணீரைப் பற்றி யோசிக்காமல் கட்டவில்லை. யுனெஸ்கோவின் உலக பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் 2014-ல் செட்டிநாட்டுக் கிராமங்கள் இடம்பெற்றதற்கு, ஊர் முழுவதும் மழைநீரைத் திட்டமிட்டுச் சேர்த்த விதமும் ஒரு காரணம். ஓட்டுக் கூரையில் விழுந்த மழை முற்றத்தில் இறங்கும். கிடாரத்திலும் அண்டாவிலும் பிடித்தது போக மிச்சம், மூடிய வாய்க்கால் வழியாக வெளியேறி ஊருணிக்குப் போகும். தண்ணீர் போகும் பாதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வேகமில்லாமல், சரிவில் தானாக ஓடிய தண்ணீர் அது.

இரும்புக் குழாய் பிற்பாடு வந்தது. குளியலறையும் கழிப்பறையும் வீட்டுக்குள் வேண்டும் என்று ஆனபோது, இரண்டாங்கட்டிலும் மூன்றாங்கட்டிலும் தரையைக் கீறி ஜி.ஐ. குழாயைப் புதைத்து, மேலே கல்லைப் பரப்பிவிட்டார்கள். அப்பச்சி காலத்தில் போட்டது எந்தச் சுவரோரம் போகிறது என்று இப்போது ஒருவருக்கும் தெரியாது. வரைபடமும் இருக்காது. சரிவில் ஓடிய பழைய தண்ணீரைப் போல் இல்லாமல், இந்தக் குழாயில் தண்ணீர் எந்நேரமும் அழுத்தத்தோடு நிற்கிறது. ஊசித் துளை கிடைத்தால் போதும்.

துருவைப் பற்றிப் பேசுவதற்குக் காரைக்குடியை விடப் பொருத்தமான ஊர் இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. உலோகம் ஏன் அரிக்கிறது, எப்படித் தடுப்பது என்பது அங்கே நடக்கும் முக்கிய ஆராய்ச்சிகளில் ஒன்று. அதே ஊரில் வளவுக்கு அடியில் குழாய் துருப்பிடித்துக் கிடக்கிறது என்பது வேடிக்கைதான். ஜி.ஐ. குழாயின் துத்தநாகப் பூச்சு கரைந்து தீர்ந்த பிறகு இரும்பு நேரடியாக ஈரமண்ணில் நிற்கும். பாதிக்குழாய் சிமென்டிலும் பாதி மண்ணிலும் இருந்தால், இரண்டும் சேரும் இடத்தின் அருகே அரிப்பு வேகமாக நடக்கும். இரும்புக் குழாயோடு பித்தளை வால்வை நேரடியாகச் சேர்த்த இடத்திலும் இரும்புதான் முதலில் போகும். தேடும்போது இந்த இடங்களை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம்.

இன்னொரு சிக்கல் மண். காரைக்குடிப் பக்கத்துச் செம்மண்ணும் செம்பராங்கல்லும் தண்ணீரைச் சீக்கிரம் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் ஒழுகும் தண்ணீர் உடனே மேலே வராது. மாதக்கணக்கில் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். கூடவே தரைக்கு அடியில் நிரப்பிய மணலையும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போகும். மரச்சுத்தியால் கல்லை மெதுவாகத் தட்டினால், கெட்டியான இடம் ‘ணங்’ என்னும். அடியில் வெற்றிடம் விழுந்த இடம் ‘தொம்’ என்னும். சந்தேகப்படும் அறை முழுக்கத் தட்டிப் பார்த்து, சத்தம் மாறும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு வைக்கலாம்.

முதல் கேள்வி: எந்தத் தண்ணீர்?

ஈரம் தெரிந்ததுமே குழாயைச் சந்தேகப்படுவது பழக்கமாகிவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் ஈரம் வந்து, தை பிறந்ததும் காய்ந்துபோனால் அது அநேகமாக மழைத்தண்ணீர்தான். முற்றத்து வாய்க்கால் உள்ளே இடிந்திருக்கலாம், வேர் புகுந்து அடைத்திருக்கலாம். சித்திரை வெயிலிலும் அதே கல் சில்லென்று இருந்தால் குழாயைத் தேட வேண்டியதுதான். தெருக்குழாய்த் தண்ணீர் வரும் நாளில் மட்டும் ஈரம் கூடினால், கோளாறு தெருவிலிருந்து வீட்டுத் தொட்டிக்கு வரும் குழாயில். சுவர் நெடுகிலும் ஒரே உயரத்தில் ஈரம் ஏறியிருந்தால் அது நிலத்து ஈரமாகவும் இருக்கலாம். ஒழுகும் குழாய் பெரும்பாலும் ஒரு திட்டாகத்தான் காட்டிக்கொடுக்கும்.

வேர்ப்பது காற்றின் ஈரமா, அடியிலிருந்து வருவதா என்ற சந்தேகத்துக்கும் வழி உண்டு. ஒரு முழம் பிளாஸ்டிக் தாளைக் கல்லின் மேல் விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். தாளுக்கு அடியில் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் கீழிருந்து வருகிறது. மேலே மட்டும் இருந்தால் காற்றிலிருந்து படிந்தது.

வாய்க்காலைச் சோதிக்கச் சொட்டு நீலம் போதும். முற்றத்தின் நீர்போக்கை நன்றாக நனைத்துவிட்டு, நீலம் கலந்த தண்ணீரைப் பத்து வாளி ஊற்ற வேண்டும். வெளியே தூம்பு வாயில் ஒருவர் இன்னொரு வாளியோடு பிடிக்க வேண்டும். பத்துக்கு ஒன்பது வந்தால் கவலையில்லை. ஐந்துதான் வந்தது என்றால் மிச்சம் வீட்டுக்கு அடியில்தான் நிற்கிறது.

ஒரு குச்சியும் ஒரு இரவும்

இனி அந்தச் செலவில்லாத வழி. இரவு படுக்கும் முன் மோட்டாரை நிறுத்தி, தெருக்குழாயிலிருந்து உள்ளே வரும் வால்வை மூட வேண்டும். வீட்டில் எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டு, மேல்நிலைத் தொட்டிக்குள் ஒரு குச்சியை நேராக விட்டு நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். காலையில் யாரும் முகம் கழுவும் முன் மறுபடி அளக்க வேண்டும். சுமார் ஒரு மீட்டர் அகலமுள்ள 1,000 லிட்டர் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 8 லிட்டர் போயிருக்கிறது என்று கணக்கு.

மட்டம் இறங்கியிருந்தால் உடனே தரையைப் பழிக்கக் கூடாது. கழிப்பறை ஃப்ளஷ் டேங்குகள் சத்தமே இல்லாமல் ஒழுகுவதில் பேர்போனவை. மறுநாள் இரவு அவற்றின் ஆங்கிள் வால்வுகளையும் மூடிவிட்டு அளக்க வேண்டும். மூன்றாம் நாள் தொட்டியிலிருந்து கீழே இறங்கும் கேட் வால்வையே மூடி அளந்தால், ஒழுகுவது தொட்டியா, குழாயா என்பது தெரிந்துவிடும். சமையலறைக்கும் குளியலறைக்கும் தனித்தனி வால்வு இருந்தால் ஒவ்வொன்றாக மூடி, எந்தக் கிளையில் போகிறது என்பதையும் பிடித்துவிடலாம். தரைக்குள் இருக்கும் சம்புக்கும் இதே குச்சி வைத்தியம்தான். அஸ்திவாரத்தை ஒட்டிய சம்பில் வெடிப்பு விட்டிருந்தால் அது குழாய் ஒழுக்கை விட மோசம்.

சின்னத் துளைதானே என்று விட்டுவிட முடியாது. தொட்டி 5 மீட்டர் உயரத்தில் இருக்க, குழாயில் ஒரு மில்லிமீட்டர் துளை விழுந்தால், கணக்குப்படி ஒரு நாளைக்குச் சுமார் 400 லிட்டர் வெளியேறும். பூட்டிய வீட்டில், தொட்டி தீரத் தீரத் தானாக நிரப்பும் மோட்டாரும் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தெருக்குழாய் இணைப்பில் ஒழுக்கு என்றால் ஆபத்து வேறு விதம். தண்ணீர் நின்றதும் குழாயில் அழுத்தம் குறைய, சுற்றியுள்ள மண்ணின் அழுக்குநீர் அதே துளை வழியாக உள்ளே இழுக்கப்படும். பக்கத்தில் கழிவுநீர்த் தொட்டி இருந்தால் மஞ்சள் காமாலையும் டைஃபாய்டும் குடிதண்ணீரோடு வரும். முதலில் வரும் தண்ணீரில் நாற்றமோ கலங்கலோ தெரிந்தால் தரை, கல் எல்லாம் அப்புறம். குடிப்பதை அன்றே நிறுத்திவிட வேண்டும்.

எந்தக் கிளை என்று தெரிந்த பிறகுதான் ஆளை அழைக்க வேண்டும். பிளம்பர் கையில் பிரஷர் டெஸ்ட் பம்ப் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. கிளையின் எல்லா வாயையும் அடைத்து, தண்ணீரை அழுத்தி, மீட்டர் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார். பழைய இரும்புக் குழாயில் புதுக்குழாய்க்கு ஏற்றும் அளவு அழுத்தம் ஏற்றினால் நன்றாக இருக்கும் இணைப்பும் விட்டுவிடும். இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். இடத்தைப் பிடிக்கக் காதும் உதவும். ஊர் அடங்கிய பிறகு நீளமான இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையிலும் மறுமுனையைக் காதுக்கு அருகிலும் வைத்தால், ஒழுகும் இடத்தில் ‘ஸ்ஸ்’ என்று கேட்கும். தரையொலியைப் பெருக்கிக் காட்டும் மைக் கருவிகள் செய்வதும் இதைத்தான். அமெரிக்காவில் கான்கிரீட் தரைக்குள் செம்புக் குழாயைப் புதைத்துக் கட்டிய வீடுகள் ஏராளம் என்பதால், அங்கே இப்படி ஒழுக்குத் தேடுவதே தனித் தொழில். 5 சதவிகித ஹைட்ரஜனும் 95 சதவிகித நைட்ரஜனும் கலந்த, தீப்பிடிக்காத வாயுவைக் குழாயில் விட்டு, தரைக்கு மேல் எங்கே கசிகிறது என்று மோப்பக் கருவியால் பார்ப்பதும் உண்டு. வெப்பப் படம் எடுக்கும் கேமரா கீசர் குழாயில் நன்றாக வேலை செய்யும். சாதாரணத் தண்ணீர்க் குழாயில் அதை மட்டும் நம்பிக் கல்லை எடுக்கக் கூடாது.

துளை எங்கே என்று தெரிந்துவிட்டது. உடைக்கலாமா? பெரும்பாலும் வேண்டாம் என்பதே பதில். ஓரிடத்தில் ஓட்டை விழுந்த ஐம்பது வருட இரும்புக் குழாய் அடுத்த வருடம் நாலடி தள்ளி இன்னொன்றைத் தரும். அந்தக் குழாயை இரு முனையிலும் வெட்டி, மூடி போட்டு, மண்ணுக்குள்ளேயே விட்டுவிடலாம். புதிய சி.பி.வி.சி. குழாயைப் பின்கட்டுச் சுவரின் வெளிப்புறமாகவோ தாழ்வாரக் கூரைக்கு அடியிலோ கொண்டுபோனால் போதும். கண்ணுக்குக் கொஞ்சம் உறுத்தும்தான். ஆனால் அடுத்த முறை ஒழுகினால் எல்லோர் கண்ணிலும் படும்.

வேறு வழியே இல்லை, கல்லை எடுத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் ஒரு படம் பிடித்து, ஒவ்வொரு கல்லிலும் சாக்பீஸால் எண் போட்டு, இணைப்புகளை மெல்லிய பிளேடால் அறுத்துத் தூக்க வேண்டும். கடப்பாறைக்கு அங்கே வேலையில்லை. உடைந்தவற்றுக்கு ஈடாகப் பெட்டக அறை மாதிரி யாரும் பார்க்காத மூலையிலிருந்து பழைய கல்லை எடுத்துப் பதிக்கலாம், புதுக்கல்லை அந்த மூலையில் போடலாம். அரித்துப்போன இடத்தில் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக நனைத்துத் திமிசு போட்டு இறுக்காமல் மேலே கல் பதித்தால் ஆறு மாதத்தில் தரை இறங்கும். தூணுக்கோ சுவருக்கோ பக்கத்தில் ஆழமாகத் தோண்டக் கூடாது. சுவரில் படிக்கட்டுப் போல வெடிப்பு ஓடினாலோ கதவு நிலையில் சிக்கினாலோ, வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடும் தேதியும் போட்டுவைத்து, கட்டடப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். அது பிளம்பர் வேலையல்ல.

ஒழுக்கை அடைத்த பிறகுதான் பலர் தப்புச் செய்கிறார்கள். ஈரச் சுவரின் மேல் சிமென்டைப் பூசி, அதன் மேல் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய சுவர் ஈரத்தை வெளியே விட்டுக் காயும் தன்மை கொண்டது. சிமென்ட் அந்த வழியை அடைக்கும். உள்ளே மாட்டிய ஈரம் பூச்சைத் தாண்டி இன்னும் மேலே ஏறி, இரண்டடியில் இருந்த உப்பு நாலடியில் பூக்கும். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்து, பொரிந்த பூச்சை நீக்கிவிட்டு, கதவு ஜன்னல்களைத் திறந்துவைத்துக் காயவிட வேண்டும். கனத்த சுவர் காய மாதங்கள் ஆகும். பிறகு சுண்ணாம்புப் பூச்சு. ஆத்தங்குடிக் கல்லும் சூளையில் சுட்டதல்ல, கண்ணாடிமேல் வார்த்துத் தண்ணீரில் பதப்படுத்தியது. அதுவும் ஈரத்தை உறிஞ்சும் கல் என்பதால் நன்றாகக் காயும் வரை பாலீஷ் போடக் கூடாது. கதவு நிலைகளின் அடிப்பாகத்தையும் ஊசியால் குத்திப் பார்ப்பது நல்லது. தேக்கு தாங்கினாலும் பக்கத்தில் வேறு மரம் இருந்தால் கரையான் அங்கே வந்திருக்கும்.

செலவு யாருடையது என்பது இன்னொரு கதை. ஒரு வளவில் ஏழெட்டுப் புள்ளிகளுக்குப் பங்கு இருக்கும். ஒருவர் கோயம்புத்தூரில், ஒருவர் கோலாலம்பூரில். குளியலறை ஒரு புள்ளியினுடையது, ஈரம் ஏறிய சுவர் பொதுச்சுவர். ஒப்புதலுக்குக் காத்திருக்கும் இரண்டு வருடத்தில் சுவர் போய்விடும். அப்படிப் போன வீடுகளின் தூண்களும் கதவுகளும்தான் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் அடுக்கிக் கிடக்கின்றன. மூன்று இரவும் அளந்த கணக்கைத் தேதியோடு படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பேச்சு வேகமாக நகரும். அந்தக் கிளையின் வால்வை மூடி வைக்க யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. அதை அன்றைக்கே செய்துவிடலாம்.

ஊருக்குக் கிளம்பும் நாளில் மோட்டாரின் தானியங்கி ஸ்விட்சை அணைத்து, தெருக்குழாய் வால்வையும் தொட்டியின் கேட் வால்வையும் மூடி, இரண்டிலும் சிவப்புப் பெயின்ட் அடித்து, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒரு முறை திருப்பிக் காட்டச் சொல்ல வேண்டும். குச்சியில் கடைசியாகப் போட்ட கோட்டின் பக்கத்தில் தேதி எழுதி, அதைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே கட்டிவைத்துவிட்டுப் போகலாம்.