மாதாவை வைத்து மருமகளை அழ வைக்கலாமா?

ஆகஸ்ட் 29ம் தேதி பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோவிலில் கொடியேறினால், செப்டம்பர் 8ம் தேதி திருநாள் வரை, அடையாறு பக்கம் காவி உடுத்தி நடந்து வருகிற கூட்டம் ஓயாது. இந்துப் பெண்கள்கூட மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொண்டு போகிறார்கள். ஆனால், சி.எஸ்.ஐ. குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட ஆர்.சி. பெண்கள் சிலருக்கு அந்தப் பாக்கியம் இல்லை!

என் உறவிலேயே ஒரு பெண், தாய் வீட்டிலிருந்து கொண்டு வந்த ஜெபமாலையை பீரோவில் புடவைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். "மரியாளைக் கும்பிடுவது விக்கிரக ஆராதனை" என்கிறார் மாமியார். "மாதாவை மதிக்காதவங்க என்ன கிறிஸ்தவங்க?" என்கிறார் பெற்ற தாய். நடுவில் அவள் படுகிற பாடு, யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

சகோதரிகளே, சண்டை போடுகிற அளவுக்கு இதில் என்ன இருக்கிறது? இயேசு கன்னி மரியாளிடம் பிறந்தார் என்று இரண்டு சபையாருமே விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறோம். மயிலாப்பூர் லஸ் காட்டுக்கோவில் கட்டியது 1516ல் என்கிறது அங்குள்ள கல்வெட்டு. லூத்தர் எதிர்ப்புக் குரல் எழுப்பியது அதற்கு அடுத்த வருஷம், 1517ல். அந்த லூத்தரும் கன்னிப் பிறப்பை மறுக்கவில்லை. மாதாவிடம் வேண்டலாமா, கூடாதா என்பதில்தான் தகராறு.

மாமியார்களுக்கு ஒரு வார்த்தை. 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தின் முதல் பாதி, லூக்கா முதல் அதிகாரத்தில் தேவதூதரும் எலிசபெத்தும் சொன்ன வாழ்த்துதான். உங்கள் பைபிளிலும் அது இருக்கிறதே!

ஆர்.சி. சம்பந்திகளுக்கும் ஒரு வார்த்தை. மத்தியஸ்தர் கிறிஸ்து ஒருவரே என்று மாமியார் சொல்வது, பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் இருப்பதுதான். 'இணை மீட்பர்' என்ற பட்டத்தை மாதாவுக்குச் சூட்ட வேண்டாம் என்று 2025 நவம்பரில் வாடிகனே சொல்லிவிட்டது. அதற்காக மாதா பக்தியை விடச் சொல்லவில்லை. அளவு தெரிந்து செய்யச் சொன்னது.

இப்போது காலேஜ் போகிற பிள்ளைகள், "கன்னிப் பிறப்பே மொழிபெயர்ப்பில் வந்த தவறாமே?" என்று கேட்கிறார்கள். "வாயை மூடு" என்று அதட்டாமல், விஷயத்தைச் சொல்லுங்கள். ஏசாயா 7:14ல் எபிரேய மொழியில் உள்ள 'அல்மா' என்ற சொல்லுக்கு இளம்பெண் என்று பொருள். இயேசு பிறப்பதற்கு முன்பே வந்த கிரேக்க மொழிபெயர்ப்பில் அது 'பார்த்தெனோஸ்', அதாவது கன்னி என்றானது. மத்தேயு அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார். மாற்கு பிறப்புக் கதையே சொல்லவில்லை. பவுலும் கன்னிப் பிறப்பைப் பற்றி எழுதவில்லை. ஆனால் லூக்கா, ஏசாயா வசனத்தை எடுத்துக் காட்டாமலே கன்னிப் பிறப்பைச் சொல்கிறாரே... அதனால், மொழிபெயர்ப்பு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். கேள்வி கேட்டால் விசுவாசம் கெட்டுப் போகாது, அதட்டினால்தான் கெடும்!

சம்பந்தம் பேசும்போது நகை, சீர், எந்த சர்ச்சில் கல்யாணம் என்றெல்லாம் பேசுகிறோம். ஜெபமாலையைப் பற்றியும் அன்றே பேசிவிட்டால் என்ன? சேர்ந்து சொல்ல வேண்டாம். அவள் சொல்வதைத் தடுக்காமல் இருந்தால் போதும். திருநாளன்று அவளைப் பெசன்ட் நகருக்கு அனுப்பி வையுங்கள். அவளும் ஞாயிற்றுக்கிழமை உங்களோடு ஆராதனைக்கு சந்தோஷமாக வருவாள்.

தாயை முன்னிறுத்தி, இன்னொரு தாய் பெற்ற பெண்ணைக் கண் கலங்க வைப்பது எந்த வேதத்திலும் இல்லை.

- ஒரு வாசகி, மந்தைவெளி, சென்னை - 28.