இளைக்கும் மாத்திரையும் இழந்த உறக்கமும்

1990-ல் டெக்னோபார்க் வந்தது முதல் கழக்கூட்டத்தில் இரவு, பகல் பேதம் குறைந்துகொண்டே வருகிறது. அமெரிக்கப் பகலுக்கு ஏற்ப இங்கே கம்ப்யூட்டர் முன் கண் விழிப்போர் பலர். அவர்களுக்காகக் காவல் நிற்பவரும், காண்டீனில் தோசை சுடுபவரும், கார் ஓட்டுபவரும் விழித்திருக்கிறார்கள். இவர்களில் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களும் உண்டு. நடுநிசியில் பரோட்டா, டீ. பகலில் அரைத் தூக்கம். இரண்டு வருடத்தில் தொந்தி முன்னால் வந்து நிற்கிறது. அப்போதுதான் ‘ஒரே மாதத்தில் பத்துக் கிலோ’ என்ற விளம்பரம் கண்ணில் படுகிறது.

விளம்பரம் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. பசியை அடக்கும் பழைய மாத்திரைகளில் பல, மூளையை உசுப்பி விழிக்க வைக்கும் வகையைச் சேர்ந்தவை. 1887-ல் ஜெர்மனியில் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்ட ஆம்ஃபிட்டமின் இக்குடும்பத்தின் மூத்த பிள்ளை. இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களைக் கண்ணயராமல் வைக்கக் கொடுத்த அதே சரக்குதான் மேல்நாடுகளில் இளைக்கும் மாத்திரையாகவும் விற்றது! அதற்கு உறவான ஃபென்டர்மினை மாலைக்குப் பின் சாப்பிட வேண்டாம், தூக்கம் கெடும் என்று மருந்துக் குறிப்பே எச்சரிக்கிறது.

சிபுட்ரமின் என்ற மாத்திரையின் கதை இன்னும் மோசம். மனச்சோர்வுக்கு மருந்தாகுமா என்று ஆராயப்பட்டு, எடை குறைக்கும் மாத்திரையாக மாறியது அது. தூக்கமின்மை, நாவறட்சி, மலச்சிக்கல், நாடித்துடிப்பு ஏறுதல் எல்லாம் அதனுடன் வந்தன. இதய நோய்க்கு ஆளாகக்கூடிய சுமார் 10,000 பேரிடம் சோதித்ததில், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ஆபத்து 16 சதவீதம் கூடியது தெரிந்தது. 2010-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது விலக்கப்பட்டது. 2011 பிப்ரவரியில் இந்திய அரசும் தடை விதித்தது.

தடையோடு தொல்லை தீரவில்லை. ‘சுத்த மூலிகை’ என்று விற்ற பொடி, காப்ஸ்யூல், இளைக்கும் காப்பி ஆகியவற்றுக்குள் இதே சிபுட்ரமின் ஒளிந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பலமுறை கண்டுபிடித்து அறிவித்துள்ளது. மூலிகைதானே என்று சாப்பிடுகிறவர் அதை டாக்டரிடம் சொல்வதில்லை. தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொல்கிறார். விழிக்க ஒரு மாத்திரை, உறங்க ஒரு மாத்திரை என்று குடித்தனம் நடக்கிறது.

இதில் பெரிய வேடிக்கை, தூக்கம் குறைந்தாலே பசி கூடும் என்பது. 2004-ல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்க விட்டுப் பார்த்தார்கள். பசியைத் தூண்டும் சுரப்பு 28 சதவீதம் ஏறியது. போதும் என்று சொல்லும் சுரப்பு 18 சதவீதம் இறங்கியது. நைட் ஷிப்ட்காரரின் தொந்திக்குப் பரோட்டாவை மட்டும் பழிப்பது நியாயமல்ல.

பருமன் ஒரு நோய்தான். மருந்தே கூடாது என்பது வாதமல்ல. 2025-ல் இந்தியாவுக்கு வந்த மவுஞ்சாரோ, வீகோவி ஊசிகள் வேறு வகை. அவற்றில் குமட்டலும் வயிற்றுத் தொல்லையுமே முதலில் வரும். டாக்டர் சீட்டு இல்லாமல் அவற்றை வாங்குவதும் தவறு.

பருமனைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டு மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டமே குற்றமாக்கியுள்ளது. முதல் தடவைக்கே ஆறு மாதச் சிறை விதிக்கலாம். ஆனாலும் சட்டம் பாட்டுக்குப் புத்தகத்தில் இருக்கிறது, விளம்பரம் பாட்டுக்குக் கைப்பேசியில் வருகிறது. சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்பதைத் தடுக்க 2024-ல் ‘ஆபரேஷன் அம்ருத்’ நடத்திய கேரள அரசு, இளைக்கும் பொடிகள் பக்கமும் திரும்ப வேண்டும்.

காலை ஓ.பி. நேரத்தில் தூங்க வேண்டியவர் டாக்டரைப் பார்ப்பது எப்போது என்ற கேள்வி எழும். ஆர்த்ரம் திட்டத்தில் சேர்ந்த குடும்பாரோக்கிய கேந்திரங்களில் மாலையிலும் டாக்டர் இருப்பார். மத்தியானம் எழுந்ததும் அங்கே போகலாம். போகும்போது அந்தப் பொடி டப்பாவையும் கையோடு கொண்டு போய் மேஜைமேல் வைக்க வேண்டும்.