முந்நூறு ரியாலில் மூணு வேளை



தோஹாவில் எஜுகேஷன் சிட்டி பக்கம் போனவர்களுக்குத் தெரியும், கட்டடங்கள் கண்ணைப் பறிக்கும். 1995-இல் தொடங்கிய கத்தார் ஃபவுண்டேஷன் எழுப்பியவை. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் அராட்டா இசோசாகி வடிவமைத்த வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியும் அதில் ஒன்று. பேருக்கு அறக்கட்டளை. பின்னால் இருப்பது எரிவாயு வளம். வெயிலில் நின்று கட்டியவர்கள் நேபாளி, பங்களாதேசி, நம்மூர்க்காரர்கள்.

அந்தக் கல்லூரி ஒரு நல்ல ஆராய்ச்சி செய்தது. பெயர் டயாடெம். பணம் தந்தது, ஃபவுண்டேஷன் 2006-இல் உருவாக்கிய கத்தார் தேசிய ஆராய்ச்சி நிதி. சர்க்கரை நோய் வந்து மூன்று வருடம் தாண்டாதவர்களுக்கு 12 வாரம் குறைந்த கலோரி உணவு, பிறகு படிப்படியாக வழக்கமான சாப்பாடு, கூடவே உடற்பயிற்சியும் ஆலோசனையும். ஒரு வருடத்தில் 61 சதவீதம் பேருக்கு நோய் தணிந்தது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களுக்கு 12 சதவீதம்தான். 2020-இல் லான்செட் குழும இதழில் வெளியானது. நான் இதைக் குறை சொல்ல வரவில்லை. சுகர் மாத்திரையோடு ஊர் திரும்பும் நம் ஆட்களுக்கும் இது நல்ல சேதிதான்.

ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர்கள். ஓர் ஆய்வுக்கு எல்லை வகுப்பதில் தப்பில்லை. என் கேள்வி வேறு: அங்கே கண்டுபிடித்தது கேம்ப் சமையலறைக்கு எப்போ வரும்?

கணக்கைப் பாருங்கள். 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த கத்தார் குறைந்தபட்சக் கூலி: அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால். கம்பெனி தராவிட்டால் தங்குவதற்கு 500, சாப்பாட்டுக்கு 300. அதாவது நாளைக்கு 10 ரியால், மூணு வேளைக்கும் சேர்த்து. அதற்குள் வயிறு நிறைய வேண்டுமென்றால் வெள்ளைச் சோறு, குப்பூஸ், பருப்புத் தண்ணி, சீனி போட்ட டீ. இவரிடம் "டயட்ல இருங்க"ன்னு டாக்டர் சொன்னால், எதை விடுவார்?

தர்மத்துக்கும் உரிமைக்கும் வித்தியாசம் இங்கேதான். எதற்குக் கொடுப்பது என்பதைக் கொடுப்பவரே தீர்மானிக்கிறார். வாங்குபவர் நன்றி சொல்லலாம், கணக்குக் கேட்க முடியாது. கூலியை நாம் கேட்டு வாங்கலாம். ஆனால் சேர்ந்து கேட்க சங்கம் வைக்க இங்கே வெளிநாட்டுத் தொழிலாளிக்குச் சட்டம் இடம் தரவில்லை.

முடியாத காரியம் ஒன்றையும் நாம் கேட்கவில்லை. 2013-இல் இதே ஃபவுண்டேஷன் தன் ஒப்பந்தக்காரர்களுக்குத் தொழிலாளர் நல விதிகள் போட்டது. வேலைக்கு எடுக்கத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்றது. மனசு வைத்தால் டெண்டரிலேயே நிபந்தனை போட முடியும் என்று அவர்களே காட்டிவிட்டார்கள். அப்படியானால் சாப்பாட்டுக்கும் போடட்டும்: தட்டில் காயும் புரதமும் எவ்வளவு, மதியம்வரை கெடாமல் வைக்க என்ன வசதி, பரிசோதிப்பது யார். உணவுப்படி விலைவாசியோடு ஏறட்டும். டயாடெம் சொன்ன பாடம் தமிழிலும் மலையாளத்திலும் நேபாளியிலும் மெஸ்ஸுக்கு வரட்டும்.

நம் பங்குக்கு ஒரு வேலை. கத்தார் மட்டுமில்லை, துபாய், குவைத், சவுதித் தோழர்களும் உங்கள் அறை மெஸ் கணக்கை ஒரு மாதம் எழுதி அனுப்புங்கள்: அரிசி எவ்வளவு, காய் எவ்வளவு, மீன் எத்தனை நாள். பேரும் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம். ஆராய்ச்சிக்கு அறக்கட்டளைதான் வேணும்னு இல்லை. ஒரு நாப்பது பக்க நோட்டு போதும்.