அம்புக்குறி போடாததற்கு பூஜ்யமா?

பேத்தியின் வேதியியல் டெஸ்ட் பேப்பரைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அம்மோனியம் அயனியில் உள்ள நான்கு பிணைப்புகளில் ஈதல் சகப்பிணைப்பு எது என்று கேள்வி. "உருவான பிறகு நான்கும் ஒன்றே, பிரித்துச் சொல்ல முடியாது" என்று எழுதியிருக்கிறாள். பூஜ்யம்! பக்கத்தில் சிவப்பு மையில் ஓர் அம்புக்குறி.

பிள்ளைகளே, அவள் எழுதியதுதான் சரி. அம்மோனியாவில் நைட்ரஜனிடம் பங்கு போடாத ஒரு ஜோடி எலக்ட்ரான் இருக்கிறது. வந்து சேரும் ஹைட்ரஜன் அயனியிடம் எலக்ட்ரானே கிடையாது, காலி ஆர்பிட்டால்தான். வழக்கமாக ஆளுக்கொன்று போட்டுப் பொதுவில் வைப்பார்கள். இங்கே இரண்டையும் நைட்ரஜனே தருகிறது. அம்பு அந்தக் கதையைத்தான் சொல்கிறது. சேர்ந்த பிறகு நான்குக்கும் ஒரே நீளம், ஒரே வலிமை, இடையில் 109.5 டிகிரி. நேர்மின்சுமையும் புதிதாக வந்தவன் தலையில் இல்லை, முழு அயனிக்கும் உரியது.

அம்மோனியாவும் போரான் ட்ரைபுளூரைடும் சேர்ந்ததைக் கேட்டிருந்தால் நியாயம். அங்கே நைட்ரஜனுக்கும் போரானுக்கும் நடுவே ஒரே பிணைப்பு, விரல் வைத்துக் காட்டலாம். கைடில் இருக்கிற படத்தை அப்படியே விடைக்குறிப்பாக்கினால் இப்படித்தான் ஆகும்.

நானும் யோக்கியன் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்பு போடாதவர்களுக்கு அரை மார்க் குறைத்திருக்கிறேன். உங்களில் யாராவது இருந்தால் மன்னியுங்கள்.

"மிஸ்ஸிடம் போய்க் கேளும்மா" என்றேன்.

"வேண்டாம் தாத்தா, அடுத்த டெஸ்ட்ல அம்பு போட்டுடறேன்" என்கிறாள்.